உலைக்குப் போகாத பச்சோந்தி

ஜிலாலிக்குக் கண்ணிமையில் முடி கிடையாது. மர்ராகேஷ் பழைய நகரத்தில், ஊரார் குளிக்க வரும் ஹமாமுக்கு வெந்நீர் காய்ச்சும் உலையடியில் வாலிபம் தொட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இமைமுடி எப்படி மிஞ்சும்? தெருவிலிருந்து படியிறங்கிப் போனால் அவன் இருக்கும் இடம். ஒரு பக்கம் மரத்தூள், ஒரு பக்கம் எண்ணெய் எடுத்துப்போட்ட ஆலிவ் கொட்டை, நடுவே இரும்புக் கதவு போட்ட உலைவாய். அங்கே குந்தியபடியே மூன்று பெண்களைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டான். ஒருமுறை உலைக்கதவு பிய்த்துக்கொண்டு விழுந்து தீ வெளியே நாக்கு நீட்டியபோதுகூட, ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றவன். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் எவரும் சொன்னதில்லை. பச்சோந்தி வந்த பிறகுதான் அந்தப் பேர் வந்தது.

அந்த உலைக்கு வெந்நீர் காய்ச்சுவது போக இன்னொரு வேலையும் இருந்தது. புருஷன்மேல் சந்தேகம் விழுந்த பெண்கள் மருந்துச் சந்தையில் உயிருள்ள பச்சோந்தி ஒன்றை வாங்கி, துணிக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள். நெருப்பில் போட்டால் அது வெடித்தால் புருஷன் வேறொருத்தியிடம் போகிறான் என்று அர்த்தம். சத்தமில்லாமல் உருகி அடங்கினால் யோக்கியன். போடுவது அவர்கள் கை. ஜிலாலி கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தூள் அள்ளுவான். அது சரியா தப்பா என்று அவன் யோசித்ததே இல்லை. மழை பெய்வதைப்போல அதுவும் ஒன்று, நடந்துகொண்டிருந்தது.

கோடை முடிந்து வெயில் தணியத் தொடங்கிய காலத்தில், ஒரு காலைப்பொழுதில் பத்தூல் வந்தாள். அடுத்த சந்துக்காரி. அவள் புருஷன் மாத்தி, அகாதிர் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பத்தூல் கையில் சின்னத் துணிப்பை இருந்தது. அதற்குள் என்னவோ மெல்ல நெளிந்தது.

“அண்ணே, கடைசிப் படிவரைக்கும் வந்துட்டேன். இதுக்குமேல என்னால முடியல. நீங்களே போட்டுருங்க.”

“நான் போடுறதில்ல லல்லா. யார் கேக்குறாங்களோ அவங்கதான் போடணும்பாங்க.” லல்லா என்பது அவ்வூரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

“அதைத் தொடவே என்னால ஆகாது. நான் இப்படித் திரும்பி நின்னுக்கறேன். எப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

ஜிலாலி பையை வாங்கிக்கொண்டான். உலைக்கதவைத் திறந்தான். பையோடு வீசியிருந்தால் முடிந்திருக்கும். ஏனோ உள்ளே கைவிட்டான். அந்தப் பிராணி அவன் ஆள்காட்டி விரலை நான்கு காலாலும் பற்றிக்கொண்டது. வெளியே எடுத்ததும் வாலையும் சுற்றிக்கொண்டது. உதறினான், விடவில்லை. பிறந்த குழந்தை விரலைப் பிடித்துக்கொள்வதுபோல, பலமில்லாத, ஆனால் விடாத பிடி. அதன் ஒரு கண் நெருப்பைப் பார்த்தது. இன்னொரு கண் தனியாகச் சுழன்று அவனைப் பார்த்தது.

அவன் சட்டென்று அதை மரத்தூள் சாக்குக்குள் விட்டான். வெறும் பையை மட்டும் உலையில் எறிந்து கதவைச் சாத்தினான்.

“உருகிடுச்சு லல்லா. சத்தமே இல்ல.”

பத்தூல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு எழுந்து வந்து, கரிபிடித்த அவன் தோளில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். நிமிர்ந்த நடையாகப் போனாள்.

ஜிலாலிக்கு அந்த நிமிஷமே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

வீட்டில் அவன் மனைவி யம்னா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“சட்டைக்குள்ள என்ன? கறியா?”

“கறி இல்ல. பயப்படாத, சொல்றேன்.”

“நீ பயப்படாதன்னு சொன்னதும்தான் எனக்குப் பயமே வருது.”

அவன் வெளியே எடுத்தான். அவள் பட்டாணித் தட்டோடு பின்னுக்குத் தாவியதில் பாதிப் பட்டாணி தரையெல்லாம் ஓடியது.

“எவ வீட்டுச் சூனியத்தையோ என் அடுப்படிக்குக் கொண்டாந்திருக்கியே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா மனுஷா?”

“அடுப்படிக்கு இல்ல. மாடிக்கு.”

“மாடி என்ன உங்க அப்பன் மாடியா? என் துணி காயுற இடம்.”

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் குனிந்து பட்டாணியைப் பொறுக்கினாள். “உருகிடுச்சுன்னா சொன்ன?” என்று கேட்டாள். “அப்ப அது உசிரோட இருக்குறது வெளிய தெரிஞ்சா, சந்துப் பொம்பளைங்க உன்னையே உலைக்குள்ள போட்டுருவாங்க.”

மாடியில், குருவி செத்துப்போனதிலிருந்து காலியாகக் கிடந்த மரக்கூண்டு இருந்தது. நாரத்தைக் கிளை ஒன்றை ஒடித்து அதற்குள் குறுக்கே செருகினான். பச்சோந்தி கிளையைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடியது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். அது திரும்பியே பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதன் கண்கள் குழிவிழத் தொடங்கின. ஜிலாலி கிண்ணத்தை மாற்றிப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் வைத்தான், குழாய்த் தண்ணீர் வைத்தான். விரலால் தொட்டு வாயில் தடவப்போனால் அது வாயைப் பிளந்து சீறியது. நெருப்பிலிருந்து காப்பாற்றித் தாகத்தில் சாகடிக்கிறோமே என்று அவன் உலையடியில் தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தான்.

யம்னா மாடியில் புதினாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தபோது கூண்டின்மேலும் நாலு சொட்டு விழுந்தது. இலை நுனியில் தொங்கிய துளியைப் பார்த்ததும் பச்சோந்தி ஒட்டிக்கொண்ட வாயைத் திறந்து நக்கியது. அப்புறம் அடுத்த இலை. அன்றிலிருந்து ஜிலாலி காலையிலும் மாலையிலும் வாயில் தண்ணீரை நிறைத்துக்கொண்டு, சலவைக்காரன் துணிக்குத் தெளிப்பதுபோல ‘புர்’ரென்று இலைகள்மேல் ஊதுவான். யம்னா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவன் வேலைக்குப் போன பிறகு அவளும் ஒருமுறை தெளித்துவிடுவாள் என்பது இலைகளின் ஈரத்தைப் பார்த்தால் தெரியும்.

தண்ணீர்க் கவலை தீர்ந்தது, தீனிக் கவலை வந்தது. ஈக்கு எங்கே போவது? கறிக்கடை புஷ்தாவிடம்தான் போகவேண்டும். ஜிலாலி அவன் கடை வாசலில் நின்றுகொண்டு கண்ணாடிக் குப்பியால் ஈயைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடித்தான்.

“என்னப்பா இது? வர்றவங்க எல்லாம் என் கடையில ஈ மொய்க்குதுன்னு பாக்கவா?” என்றான் புஷ்தா.

“மொய்க்கலேன்னா நான் எப்படிப் பிடிப்பேன்? உனக்கு நல்லதுதானே பண்றேன்.”

“எதுக்குய்யா ஈ?”

“மருந்துக்கு.”

“என்ன வியாதி?”

ஜிலாலி குப்பியை மூடினான். “நெஞ்சுவலி,” என்றான். பொய் என்று சொல்லிவிட முடியாது.

பச்சோந்தி முதலில் நன்றாகத்தான் தின்றது. அரை முழ நாக்கு சொடுக்கிப் போவதும், ஈ காணாமல் போவதும், பிறகு பெரிய மனுஷத் தோரணையில் மெல்லுவதும். ஜிலாலி அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்பான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் அவன் நெஞ்சு அடங்கியிருந்தது.

அப்போதுதான் பத்தூல் எள்ளும் வாதுமையும் சேர்த்து இடித்த இனிப்பை ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். “மாத்திக்குப் புதுச் சட்டை தைக்கறேன் அண்ணே. ரெண்டு வருஷமா அவரோட சண்டை போட்டேனே, பாவி. நீங்கதான் என் கண்ணத் தொறந்தீங்க.” ஜிலாலி அந்த இனிப்பைத் தொடவில்லை. அதே வாரம் புஷ்தா கறி வெட்டிக்கொண்டே சொன்னான்: “மாத்தி அகாதிர்ல வீடு எடுத்திருக்கானாமே. சும்மாவா எடுப்பான்? உள்ள ஒருத்தி இருக்கா. அவன் பஸ்ஸுல போறவங்க எல்லாருக்கும் தெரியும், அவன் பொண்டாட்டிக்குத்தான் தெரியாது.”

அன்றிலிருந்து ஜிலாலி பத்தூலைத் தூரத்தில் கண்டால் வேறு சந்தில் நுழைந்தான். உலையடியில் படியில் காலடி கேட்டால் மரத்தூள் தள்ளும் துடுப்பு கையிலிருந்து நழுவியது. சொல்லிவிடலாமா? சொன்னால், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பாள். பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவள் சட்டை தைத்துக்கொண்டே இருப்பாள். எப்படிப் புரட்டினாலும் கை சுட்டது.

பச்சோந்தியும் அதே சமயம் பார்த்துத் தீனியை விட்டது. முகத்துக்கு நேரே ஈயை விட்டாலும் கண்ணைத் திருப்பிக்கொண்டது. இலைப்பச்சையாக இருந்த உடம்பு கறுத்து, மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்தது. கிளையை விட்டிறங்கிக் கூண்டின் அடியிலேயே மூலைக்கு மூலை அலைந்து மரத்தைப் பிறாண்டியது. ஜிலாலி ஊருக்கு வெளியே ஆலிவ் தோப்புவரை சைக்கிள் மிதித்துப் போய் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வந்தான். அதையும் தொடவில்லை.

“சாகப்போகுது யம்னா. சூனியம்தான் போல. நான் சொன்ன பொய் அதுமேல இறங்குது.”

யம்னா காயப்போட்ட விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாகக் கூண்டுக்கு அருகில் வந்து குனிந்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். பச்சோந்தியின் வயிறு, பையில் பட்டாணி அடைத்ததுபோல முண்டு முண்டாகப் புடைத்திருந்தது.

“சாகறதா? கண்ணு தெரியலயா உனக்கு? நிறைமாசம் இது. சோறு பிடிக்காது, ஒரு இடத்துல உக்கார முடியாது, மூலையத் தேடும். எனக்கு மூத்தவ பொறக்கறப்ப ராத்திரியெல்லாம் நான் அலையல? நீ குறட்டை விட்டுட்டுக் கிடந்த.”

“இப்ப என்ன செய்யறது?”

“முட்டை போட மண்ணு வேணும் அதுக்கு. பறவையா கூடு கட்ட?”

உடைந்த பெரிய மண்தொட்டி ஒன்றில் மணலும் மண்ணும் கலந்து, ஈரமாக்கி, பச்சோந்தியை அதன்மேல் விட்டார்கள். அது கொஞ்சநேரம் அசையவில்லை. பிறகு முன்னங்கால்களால் தோண்ட ஆரம்பித்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மதியத்துக்குள் தலை மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த நேரம்தான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பத்தூல் மேலே வந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. ஜிலாலி துள்ளி எழுந்து தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றான்.

“மாத்தியோட தம்பி பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போறா,” என்றாள் பத்தூல். “அகாதிர்ல ஒருத்தி. நாலு வருஷமாம். நெருப்புகூட எங்கிட்ட பொய் சொல்லிடுச்சே அண்ணே. இனிமே நான் எதை நம்புவேன்?”

ஜிலாலி தொட்டிக்கு இன்னும் நெருங்கி நின்றான்.

“நெருப்பு ஒண்ணும் பொய் சொல்லலடி,” என்றாள் யம்னா. “இந்த மனுஷன்தான் சொன்னான். தள்ளி நில்லு ஜிலாலி, அவ பாக்கட்டும்.”

அவன் தள்ளி நின்றான். மண்ணிலிருந்து வாலும் பின்னங்கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. பத்தூல் முதலில் அது என்னவென்று புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் வெளுத்தது.

“போடலயா?”

“முடியல லல்லா,” என்றான் ஜிலாலி. “விரலைப் பிடிச்சுக்கிச்சு.”

“பின்ன எதுக்கு உருகிடுச்சுன்னு சொன்னீங்க? போட முடியலன்னு சொல்லியிருக்கலாமே.”

“நீ நின்ன நிலையப் பாத்தேன். வாயில அதுதான் வந்துச்சு.”

“ஒரு மாசம்,” என்றாள் அவள். “ஒரு மாசம் அவனுக்குச் சட்டை தச்சேன். காஜா எடுத்தேன். அவன் கால அமுக்கிவிட்டேன்.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஜிலாலிக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும். “அது என் காசுல வாங்கினது. என்னோடது. குடுங்க.”

ஜிலாலி, அது நெருப்புக்குப் போகிறது என்றே நினைத்தான். ஆனாலும் தடுக்க அவனுக்கு என்ன வாய் இருக்கிறது?

யம்னா குறுக்கே வந்து நின்றாள். “எடுத்துக்க. இப்ப இல்ல. பிரசவத்துல இருக்கறவளை எழுப்பக்கூடாது. முடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்.”

பத்தூல் யம்னாவைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். யம்னா கீழே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். மூவரும் தொட்டியைப் பார்த்தபடி குடித்தார்கள். வெயில் சாய்ந்தது. ஜிலாலி உலைக்குப் போகவேண்டிய நேரம் வந்தது, போனான். அங்கே துடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே என்ன நடக்கிறதோ என்று வெந்துகொண்டிருந்தான்.

பச்சோந்தி மறுநாள்தான் வெளியே வந்தது. உடம்பெல்லாம் மண், வயிறு ஒட்டிப்போய்த் தோல் மடிந்து தொங்கியது. யம்னா கொண்டுபோவதற்குள் பத்தூலே வந்து நின்றாள். ஜிலாலி அதைக் கூண்டுக் கிளையில் விட்டு, இலைகளில் தண்ணீர் ஊதினான். அது நக்கி நக்கிக் குடித்தது. பத்தூல், அவன் வெட்டுக்கிளி அடைத்துவைத்திருந்த குப்பியைத் திறந்து, ஒன்றைச் சிறகைப் பிடித்து நீட்டினாள். நாக்கு வந்து இழுத்துக்கொண்டபோது ‘அம்மா’ என்று கையை உதறினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள்.

“இங்கயே கிடக்கட்டும்,” என்றாள் போகும்போது. “என் வீட்டுல மாடி இல்ல. இனிமே அந்த வீடும் இல்ல. சாவியை அவன் தம்பிகிட்ட குடுத்துட்டேன். அம்மா வீட்டுக்குப் போறேன்.” படியில் இறங்கியவள் திரும்பினாள். “உங்களை மன்னிச்சேன்னு நினைக்காதீங்க அண்ணே.”

“நினைக்கல லல்லா.”

பிறகு பச்சோந்தியோடு வந்த பெண்கள் எவருக்கும் ஜிலாலி உலைக்கதவைத் திறக்கவில்லை. “நெருப்பக் கேக்காத தாயி, அவனையே கேளு,” என்பான். அவர்கள் அவனைத் திட்டிவிட்டு வேறு ஹமாமுக்குப் போனார்கள். பச்சோந்தி வளர்ப்பவன் என்று சந்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நெருப்பைப் பார்த்தே பயந்துவிட்டான் என்று புஷ்தா கடையில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை. அவன் கவலை முழுதும் அந்தத் தொட்டியின்மேல் இருந்தது. முட்டை பொரிய எத்தனை மாதம் ஆகும் என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. மண் காய்ந்தால் முட்டை வற்றிவிடும், நனைந்தால் அழுகிவிடும் என்று தினமும் விரலை விட்டுப் பார்த்தான். குளிர்காலத்தில் தொட்டியைப் புகைபோக்கிச் சுவரோரம் நகர்த்தினான். சூடு அதிகமோ என்று அங்கிருந்து தள்ளிவைத்தான். “கிளறிப் பாத்துருவேன்” என்று அவன் கிளம்பும்போதெல்லாம் யம்னா கையைத் தட்டிவிட்டாள். இளவேனிலும் போய்க் கோடையும் வந்து மண் அப்படியே கிடந்தது. செத்துப்போச்சு என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

அடுத்த ஆண்டு வெயில் தணியும் காலத்தில் ஒரு காலை, யம்னா துணி உலர்த்தப் போனவள், “மனுஷா, மெதுவா வா,” என்று கூப்பிட்டாள். தொட்டி ஓரத்தில் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒன்று உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் மண்ணிலிருந்து இன்னொரு தலை நீண்டது. ஜிலாலி நெடுநேரம் குந்தியிருந்து பார்த்தான்.

“இதுங்க வாய்க்கு ஈ பெருசாச்சே யம்னா,” என்றான் கடைசியில். “கொசு எங்க கிடைக்கும்?”