எந்த அப்துல்லா?

எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஓர் அப்துல்லாவின் மேல்தான் விழும். மீன் ஏலம் கூறுகிறவர் அப்துல்லா, உப்பளத்துக் கங்காணி அப்துல்லா, கறிக்கடைக்காரரும் அப்துல்லா. எங்கள் சனத்துக்குத் தனியாகக் குடும்பப் பேர் என்று பெரும்பாலும் கிடையாது. தகப்பன் பேர்தான் பிள்ளையின் பேருக்கு முன்னால் நிற்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாலைந்து அப்துல்லா பிள்ளைகள் இருப்பார்கள். அல்லாஹ்வின் அடிமை என்று அர்த்தம். அது யாருக்குத்தான் பொருந்தாது? பொருந்துவதால்தான், தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளைக்கும் அந்தப் பேரையே வைத்துவிடுகிறார்கள். எது பெற்ற அப்துல்லா, எது வெற்றிடத்தை நிரப்ப வந்த அப்துல்லா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காதவரை நல்லது. பக்கத்து வீட்டு நெய்னார் நானாவிடம் ஒருவர் கேட்டுவிட்டார்.

எனக்கு அண்ணன் மாதிரியான நெய்னார் நானா கல்பிட்டியின் கடல்நீர்க் களப்பில் இறால் வலை போட்டவர். மனைவி கமறியா. இருவருக்கும் பிள்ளை இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் சனத்தை ஆயுதக்காரர்கள் விரட்டியபோது வள்ளம் வள்ளமாக வந்து எங்கள் கரையில் இறங்கினார்கள். நெய்னார் நானா நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார். வள்ளத்திலிருந்து ஒரு கை, "கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு கைக்குழந்தையை அவரிடம் நீட்டியது. பிடித்தார். திரும்பி வாங்க யாரும் வரவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. அகதிகள் தங்கிய பள்ளிவாசல், பள்ளிக்கூடம், தென்னந்தோட்டம் எல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். தாய் வரும் வழியிலேயே உயிர்விட்டு மௌத்தாகியிருப்பாள் என்றார் ஒருவர். நீட்டிய கை தாயின் கையே இல்லை என்றார் இன்னொருவர். கடைசியில் குழந்தை கமறியாவின் மடிக்கு வந்தது. அஸ்கா என்று பேர் வைத்தார்கள். கமறியா பால் கொடுத்திருந்தால் பால்குடிப் பிள்ளை என்ற உறவாவது மார்க்கப்படி வந்திருக்கும். பெறாதவள் பாலுக்கு எங்கே போவது? புட்டிப்பாலில் வளர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அதிபர் தகப்பன் பேர் கேட்டார். நெய்னார் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நானும் கூடத்தான் நின்றேன். பெற்றவன் பேர் இருக்கவேண்டிய இடத்தில் வளர்த்தவன் பேரைப் போடக்கூடாது என்று மௌலவி சொல்லியிருந்தார். நெய்னார் நானா தொண்டையைச் செருமிக்கொண்டு "அப்துல்லா" என்றார்.

அவள் பெரியபிள்ளையானதும் மனுசன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வலை வைக்கும் கொட்டிலுக்குப் படுக்கப் போய்விட்டார். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று இருமுவார். இரத்த உறவோ பால் உறவோ இல்லாத பெண்பிள்ளை, முக்காட்டைச் சரிசெய்ய நேரம் கொடுக்கவேண்டுமாம்.

"என்ன நானா, ஒங்கட வீட்டுக்குள்ள போக ஒங்களுக்கே பாஸ் வேணுமா?" என்று கேலி செய்வேன். சிரிப்பார். இருமலை விடமாட்டார். ஆனால் களப்பில் பெரிய நண்டு பட்டால் அது சந்தைக்குப் போகாது, அஸ்காவின் பீங்கானுக்குத்தான் போகும். அவர் "மகள்" என்றால் அவள் "என்ன வாப்பா" என்று ஓடிவருவாள். பெற்ற தகப்பன்மார் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், இந்தக் கொடுப்பினை அவர்களுக்கில்லை.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் வடக்குச் சனம் தங்கள் வளவுகளைப் பார்க்கப் போனது. நெய்னார் நானாவும் மன்னாருக்குப் போனார். பள்ளிவாசல் பள்ளிவாசலாக, தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று, தொண்ணூறில் குழந்தையைத் தவறவிட்டவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார். யாரும் இல்லை. திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கவலையைக் காணவில்லை, ஆசையைத்தான் கண்டேன்.

"பதுர்தீன், நிக்காஹ்ல மாப்பிள்ளைட கையைப் பிடிச்சு, என்ட மகளைத் தாறன் எண்டு ஒருக்காச் சொல்லணும்டா. அது மட்டும்தான்."

அதைச் சொல்லும் உரிமை வொலிக்குத்தான். வொலி என்றால் பெண்ணைக் கொடுக்கும் உரிமையுள்ளவர்: தகப்பன், இல்லையென்றால் தகப்பன் வழி ஆண்கள். யாருமே இல்லாதவளுக்கு, நிக்காஹ் வழக்குகளைப் பார்க்கும் காதியார்தான் வொலி. இதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வருசம் கனமூலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஹாசிம் ஹாஜியாரின் மகன் ரிப்கான், இரும்புக்கடை வைத்திருந்தான். பையனுக்கு அஸ்காவைப் பிடித்துவிட்டது. அஸ்காவுக்கும்தான், அவள் முகமே சொன்னது. ஹாஜியாரும் தரகரும் நானும் நெய்னார் நானாவும் முன்னறையில் இருந்தோம். திரைக்குப் பின்னால் கமறியாவும் அஸ்காவும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஹாஜியார் கேட்டார்: "மகள்ட பேருக்கு முன்னால அப்துல்லா எண்டு இரிக்கி. எந்த அப்துல்லா? மன்னார்ல எங்கட சொந்தத்தில ஒரு அப்துல்லா ஹாஜியார் இருந்தார், இடம்பெயர்ந்து வரக்குள்ள மௌத்தாப் போனவர். நீங்க வளக்கிறது அவர்ட பிள்ளையா?"

தரகர் நெய்னார் நானாவைப் பார்த்தார். ஒரு தலையாட்டுப் போதும். நானென்றால் பத்துத்தரம் ஆட்டியிருப்பேன்.

"இல்ல ஹாஜியார்," என்று தொடங்கி, நீட்டிய கையிலிருந்து மன்னார்ப் பள்ளிகள் வரை எல்லாவற்றையும் அந்த மனுசன் ஒப்புவித்தார். "வாப்பா ஆரெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அப்துல்லா எண்டது சும்மா வெச்ச பேர்."

ஹாசிம் ஹாஜியார் கெட்டவரல்ல. "சரி, இந்தக் கதை ஊருக்குத் தேவையில்ல. சபையில அப்துல்லா மகள் எண்டு சொல்லி, காதியார் வொலியா வந்து நிண்டா, தகப்பன் பேர் தெரியாதவள் எண்டு நாலு பேர் கதைப்பாங்க. எங்கட ஊருக்கு ஒங்களத் தெரியாது. ஒங்கட மகள் எண்டே இரிக்கட்டும். நீங்களே வொலியா நிண்டு என்ட மகன்ட கையைப் பிடிங்க. மத்தத அல்லாஹ் பார்த்துக்குவான்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபது வருசமாக ஆசைப்பட்டதை ஒருவர் வீடு தேடிவந்து கொடுக்கிறார். நெய்னார் நானா ஹாஜியாரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலாது ஹாஜியார்."

"ஏன்?"

"பொய் வொலி நிண்டா நிக்காஹ் கூடாது. அவள்ற வாழ்க்கை முழுக்க ஹறாமாப் போகும். நான் அவள்ற வாப்பா இல்ல."

திரைக்குப் பின்னால் கோப்பைச் சத்தம் நின்றது. ஹாஜியாரும் தரகரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஸலாம் சொல்லிப் போனார்கள். பிறகு கனமூலையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. கதை மட்டும் எல்லா இடமும் போனது. அதற்குப் பிறகு வந்த தரகர்களெல்லாம் வாசலிலேயே "எந்த அப்துல்லா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு மூன்று வருசத்தில் அந்தக் கேள்வியும் வராமல் நின்றுவிட்டது.

நான் அவரோடு சண்டை பிடித்தேன். "அவளுக்காகத்தான் சொன்னன்டா" என்றார்.

"அவளுக்காக எண்டா அவளிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, நானா?"

அவர் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

அன்றையிலிருந்து அஸ்கா அவரை வாப்பா என்று கூப்பிடவில்லை. வேறு எந்தப் பேராலும் கூப்பிடவில்லை. "சாப்பிட வரச்சொல்லுங்க உம்மா" என்பாள். அவர் "மகள்" என்று கூப்பிட்டால் வருவாள், சொன்னதைச் செய்வாள், வாய் திறக்கமாட்டாள். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டலொன்றில் படுக்கை விரிப்புத் துவைக்கப் போனாள். அவர் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது மருந்துக்கு ஓடியதும் கஞ்சி காய்ச்சியதும் அவள்தான். ஒரு மகள் செய்வதற்கு மேலாகச் செய்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. அவர் அதற்காகவே காத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுகை நேரம் போய்விட்டார்.

ஜனாஸா அறிவித்தல் கொடுக்கப் பள்ளிக்கு நானும் அவளும் போனோம். இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன் என்று ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். பாங்கு சொல்லும் மோதினார், நானாவின் மனைவி பேரைக் கேட்டார், சொன்னோம். பிறகு அஸ்காவைப் பார்த்துத் தயங்கி, "வளர்ப்புத் தகப்பன் எண்டு ஒங்கட பேரைச் சொல்லவா மகள்? அதில குத்தமில்ல" என்றார்.

"வேணாம். பிள்ளைகள் இல்லை எண்டே சொல்லுங்க."

அப்படியே சொன்னார்கள். வீட்டு வாசலுக்கு நாங்கள் வரும்போது கமறியா ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு மையித்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"என்னடி செஞ்சிட்டு வந்திரிக்காய்? ஒன்ன வளத்த மனுசனப் பிள்ளையில்லாதவன் எண்டு ஊருக்கே சொல்ல வெச்சிட்டியே!"

"எனக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத மனுசன் உம்மா," என்றாள் அஸ்கா. "தகப்பன் எண்டு அவர்ட பேர்ல நான் எப்பிடிப் பொய் சொல்றது?"

சொல்லிவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு "வாப்பா" என்று கத்தினாள். ஏழு வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டாள். கேட்க வேண்டியவரைக் கபன் துணியால் மூடியிருந்தார்கள்.