சொல் இல்லாத தாலாட்டு

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டின் ஓரம் பாசிமணி பரப்பி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அண்ணன் மகள் செல்வி. "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். விரித்த துணியை மணிகளோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு அண்ணி வீடு இருக்கும் பெரும்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

அண்ணி பெயர் காந்தா. அவளிடம் மணி வாங்கியவர்களும், பேரம் பேசித் தோற்றவர்களும், அவள் பாட்டுக்கு நின்றவர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்களை நரிக்குறவர் என்பீர்கள். எங்களுக்குள் நாங்கள் வாக்ரி. எங்கள் பாஷையில் ஒரு தாலாட்டு உண்டு. "யார் பிள்ளை நீ?" என்று அண்ணி கேட்டுப் பாடுவாள். "வாக்ரி பிள்ளை" என்று நான் பதில் பாடுவேன். மணி கோக்கும்போதெல்லாம் இதுதான். குழந்தை இருக்கிறதோ இல்லையோ, பாட்டு இருக்கும்.

ஒருமுறை குரோம்பேட்டையில் ஒரு காலேஜ் விழா. வாசலில் வியாபாரத்துக்குப் போயிருந்தோம். குறத்தி வேஷம் போட்ட ஒரு பெண் ஓடி வந்து, "அக்கா, எங்க டான்ஸ்ல வந்து நில்லுங்க, ஒரிஜினலா இருக்கும்" என்று அண்ணியை மேடைக்கு இழுத்துப்போனாள். சினிமாப் பாட்டு போட்டார்கள். "ஆடுங்க அக்கா!" என்றாள். அண்ணி நகரவில்லை. "எனக்கு இந்தப் பாட்டு தெரியாதும்மா. நீதானே குறத்தி, நீயே ஆடு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணியும்தான். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மா, "தள்ளி உக்காரு, மேல படுது" என்றாள். அண்ணி என் காதில், "நம்ம வேஷத்துக்குக் கைதட்டு. நமக்கு, தள்ளி உக்காரு" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அலுப்புதான்.

செல்வி துணிக்கடையில் வேலை பார்த்து, அங்கேயே ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அம்மாவிடம் மட்டும், தெலுங்குக்காரங்க என்று சொல்லி வைத்தார்கள். நான் சண்டைக்குப் போனேன். அண்ணி, "வுடு. அவளயாவது யாரும் தள்ளி உக்காரச் சொல்லாம இருக்கட்டும்" என்று என்னை அடக்கினாள்.

மகள் வீட்டுக்குப் போகும்போது அண்ணி தெருமுனையிலேயே கழுத்து மணிகளைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். பேத்தியை மடியில் போட்டு அதே தாலாட்டுதான், ஆனால் சொல் இல்லாமல். வாயை மூடிக்கொண்டு வெறும் ராகம். நான் கூடப் போயிருந்த ஒரு நாளில் என் காதுபடவே சம்பந்தியம்மா கேட்டாள்: "இன்னாம்மா, பாட்டு வராதா? உம்மு உம்முனுகினே கீறியே?"

"தொண்டை சரியில்லீங்க" என்றாள் அண்ணி. தாம்பரம் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற தொண்டை அது.

அண்ணியை எடுக்கிற அன்று குடியிருப்பு வாசல் முழுக்க எங்கள் ஜனம். சம்பந்தியம்மாவும் வந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் யாரு செல்வி? உங்கம்மாகூட யாவாரம் பண்றவங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் செல்வியையே பார்த்தார்கள்.

அந்த நேரம் குழந்தை ஆயா வேண்டும் என்று அழுதது. செல்வி மடியில் போட்டுத் தட்டினாள். அம்மா மாதிரியே வாயை மூடி ராகம் இழுத்தாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு வாய் திறந்து எங்கள் பாஷையில் கேட்டாள்: "யார் பிள்ளை நீ?"

பதில் என்னுடையது. நான் பாடவில்லை. அவள் வாழ்க்கையாச்சே, நான் எப்படிப் போட்டு உடைப்பேன்? என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளே பாடினாள், எல்லார் காதிலும் விழும்படி: "வாக்ரி பிள்ளை."

சுற்றி நின்ற எங்கள் ஜனமும் அந்த ஒரு சொல்லும் போதும், பாஷை தெரிய வேண்டாம். சம்பந்தியம்மா நாற்காலியைத் தள்ளிப் போடவில்லை. நாளைக்கு என்ன சொல்வாளோ, தெரியாது.

என் பதில் வரியைச் செல்வி எடுத்துக்கொண்டாள். அண்ணியின் கேள்வி வரி என்னிடம் இருக்கிறது. படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து பாடுகிறேன். கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் நிறுத்துகிறேன். ரயில் வருகிறது, ஜனம் இறங்குகிறது. அடுத்த மணியைக் கோக்கிறேன்.