அடைத்த மூக்கும் வறுத்த மல்லியும்

எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளுக்கு வறுப்பவன் நான். திருமணமான புதிதில் மனைவி ஒருமுறை வறுத்தார். மிளகாய்ப் புகை தொண்டையில் ஏறி, அன்று முழுவதும் இருமியபடியே இருந்தார். அடுத்த முறை அகப்பை என் கைக்கு வந்தது. வந்தது வந்ததுதான், பின்னர் அது திரும்பிப் போகவேயில்லை. டோர்ட்மண்டில் நாங்கள் மூன்று வீடு மாறிவிட்டோம். மூன்று சமையலறைகளிலும் சன்னல்களைத் திறந்து வைத்து, இரும்புத் தாச்சியின் முன் நின்று வறுத்தவன் நானே.

மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். இதில் கண்ணுக்கு வேலை குறைவு. மல்லியின் நிறம் மாறுவதற்குச் சற்று முன்னரே அதன் மணம் மாறிவிடும். பச்சை வாசனை விலகி, உள்ளிருந்து வேறொரு வாசனை கனிந்து எழும் அந்தக் கணத்தில் தாச்சியை இறக்கிவிட வேண்டும். நிறத்தைப் பார்த்து இறக்குபவர் கரியைத்தான் இறக்குவார்.

சென்ற கார்த்திகையில் அப்படித்தான் நான் கரியை இறக்கினேன். சளியும் தும்மலுமாகத் தடிமன் வந்து போய்விட்டது. மூக்கடைப்பு மட்டும் போக மறுத்தது. நெற்றிக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்து வைத்தது போன்ற கனம். அந்த நிலையிலும், பழகிய கைதானே என்ற துணிவில் மல்லியைத் தாச்சியில் இட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். மனைவி படுக்கையறையிலிருந்து ஓடிவந்தார்.

“என்னப்பா, மல்லி கருகுது! உங்களுக்கு மணக்கேல்லையோ?”

“எனக்கு ஒண்டும் மணக்கேல்லை.”

“வீட்டுக் கூரையிலை நெருப்புப் பிடிச்சாலும் நான் வந்துதான் சொல்லோணும் போலை.”

கருகிய மல்லியைக் கொட்டிவிட்டுக் கோப்பித் தூள், வினாகிரி, மனைவியின் வாசனைத் தைலம் என்று கைக்கு எட்டிய அனைத்தையும் முகர்ந்து பார்த்தேன். எல்லாம் ஒன்றே போல் இருந்தன. அதாவது, ஒன்றுமே இல்லை.

வேறொரு காலமாயிருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை லைப்சிக்கிலிருந்து மகள் வரவிருந்தாள். அங்கே அவள் பணிபுரியும் ஆய்வுக்கூடத்தில், கோயம்புத்தூரைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரைத் தனக்குத் துணையாகத் தேர்ந்திருந்தாள். அவருடைய பெற்றோர் முதன்முறையாக ஜெர்மனிக்கு வருகிறார்கள். மகள் தன் கையால் அவர்களுக்கு விருந்து சமைக்கப் போகிறாள். எங்களைச் சந்திக்க அவர்கள் டோர்ட்மண்டுக்கு வருவது அதன் பின்னர்தான். ஆகவே அந்த முதல் விருந்தில் எங்கள் வீட்டின் சார்பாக மகளோடு இருக்கப்போவது தூள் ஒன்றுதான்.

நடந்ததைத் தொலைபேசியில் கேட்ட மகள் ஆறுதல் சொன்னாள்.

“அப்பா, கஷ்டப்படாதேங்கோ. கடையிலை பைக்கற்றிலை விக்கினம்தானே. நான் வரேக்கை ஒண்டு வாங்கிக்கொண்டு போறன்.”

அந்த ஆறுதல் எனக்குத் தாங்கவில்லை.

குடும்ப மருத்துவர் நெற்றியையும் கன்ன எலும்புகளையும் அழுத்திப் பார்த்து, மூக்கைச் சூழ்ந்த அறைகள் வீங்கி அடைத்திருக்கின்றன என்றார். காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துத் தரும்படி, அதாவது டெர்மின், கேட்டோம். அடுத்த மாதக் கடைசியில் கிடைத்தது. அதுவரை உப்புநீரால் மூக்கைக் கழுவி வரும்படி குடும்ப மருத்துவர் சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் அதற்கென்றே ஒரு நெகிழிக் குடுவை விற்கிறார்கள். ஜெர்மானியர் அதனை மூக்குக் குளியல் என்று பொருள்படும் பெயரால் வழங்குகிறார்கள். உடன் உப்புப் பொட்டலங்களும் இருந்தன. ஒரு குடுவை நீருக்கு ஒரு பொட்டலம்.

என் மனைவி முதியோர் இல்லமொன்றில் தாதியாகப் பணிபுரிகிறார். குளியலறையின் ஆட்சி அன்றே அவர் கைக்குப் போயிற்று.

“குழாய்த் தண்ணி இந்த ஊரிலை குடிக்கலாம், சரி. ஆனால் மூக்குக்கை விடுறதெண்டால் கொதிக்க வைச்சு ஆற வைக்கோணும். இளஞ்சூடா இருக்கோணும். குனியுங்கோ. தலையைக் கொஞ்சம் சரியுங்கோ. வாயைத் திறந்து வாயாலை மூச்சு விடுங்கோ.”

குனிந்தேன், சரிந்தேன், வாயைத் திறந்தேன். குடுவையின் முனையை வலத் துளையில் பொருத்தியதும் நீர் உள்ளே ஏறியது. இடத் துளைவழியே வெளியேற வேண்டிய நீர், வழி அடைபட்டிருந்ததால் தொண்டையை நாடியது. நான் அதனை விழுங்கி, இருமி, கண்ணாடி முழுவதும் தெளித்தேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சிரிக்காதேயும். நான் இஞ்சை தாழுறன்.”

“எங்கட இல்லத்திலை தொண்ணூறு வயசு மனுசியள் சத்தம் போடாமல் செய்யினம். நீங்கள் என்னடாவெண்டால் கடலுக்கை விழுந்த ஆள் மாதிரி.”

மறுநாள் காலை அவர் வேலைக்குச் சென்றிருந்தார். பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு சிறிய அளவு உப்பு இவ்வளவு பெரிய அடைப்பை என்ன செய்துவிடும் என்று தோன்றியது. இறைச்சிக் கறிக்கு உப்பு அளப்பதில் என் கை பிழைத்ததில்லை. அந்தக் கையையே நம்பி, சமையலறை உப்பில் ஒரு சிட்டிகையும் அதற்கு மேலொரு சிட்டிகையும் பின்னர் மனநிறைவுக்காக இன்னொன்றும் இட்டுக் கலக்கினேன். விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்களிலிருந்து நீர் வழிய நான் குளியலறையில் நின்றிருந்த வேளையில் மனைவி மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தார்.

“என்ன, அழுறியளோ?”

“உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு.”

“நீங்கள் என்ன கறிக்கே உப்புப் போட்டனீங்கள்? ஒரு தேங்காய்ப்பாலும் விட்டிருக்கலாமே!”

அன்றிலிருந்து பொட்டலத்தின் அளவை மீறவில்லை. அளவு சரியாக இருந்தபோது எரிச்சல் இல்லை என்பதையும், வாயால் மூச்சு விடும் பழக்கம் வந்ததும் நீர் தொண்டையை நாடுவதில்லை என்பதையும் கண்டேன். ஒருநாள் வலத்தில் விட்ட நீர், தயங்கித் தயங்கி, இடத்தில் சொட்டியது. சொட்டு நூலாயிற்று. அந்தக் காட்சி எனக்களித்த மகிழ்ச்சியை இன்று நினைத்தாலும் வியப்பாக உள்ளது.

ஆனால் மூக்கைக் கழுவுவோர்க்கு மருந்துக்கடையில் யாரும் சொல்லாத ஓர் இடர் உண்டு. கழுவிய நீர் முழுவதும் உடனே வெளியே வந்துவிடுவதில்லை. உள்ளறைகளில் கொஞ்சம் தங்கிவிடும். நாம் மறந்திருக்கும்போது, குனிந்தால் வெளிவரும். ஒருநாள் காலை படிக்கட்டில் கீழ்வீட்டு மூதாட்டியின் கையிலிருந்து சாவிகள் கோத்த திறப்புக் கோவை தவறி விழுந்தது. மரியாதையோடு குனிந்து எடுத்தேன். மூக்கிலிருந்து குழாயைத் திறந்தாற்போல் நீர் அவருடைய காலணிமீது கொட்டியது. நான் திகைத்து மன்னிப்புக் கேட்பதற்குள், அவர் சற்றும் கலங்காமல், தாமும் இலையுதிர்காலம் தொடங்கியதும் மூக்கைக் கழுவுவதுண்டு என்றும், கழுவியதும் இருபுறமும் குனிந்து மெல்லச் சிந்திவிட வேண்டுமென்றும் அறிவுறுத்திவிட்டுக் கைக்குட்டையால் காலணியைத் துடைத்தார். பல ஆண்டுகளாக வணக்கத்துக்கு மேல் பேசாத நாங்கள் அன்றுதான் முதன்முறையாக உரையாடினோம்.

சனிக்கிழமை வந்தது, மகளும் வந்தாள். அதற்குள் என் மூக்கின் இயல்பை ஒருவாறு அறிந்திருந்தேன். கழுவியதும் இடத்துளை திறக்கும். சற்று நேரம் உலகம் மணக்கும். பின்னர் மெல்ல மூடிக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் எடுத்து வைத்து, தாச்சியைச் சூடாக்கிய பின்னரே குளியலறைக்குச் சென்றேன். மனைவி வழக்கம்போல் படுக்கையறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கழுவி, சிந்தி, அடுப்பின் முன் வந்து நின்றேன். முதலில் மல்லி. கிளறினேன். மணம் இல்லை. மேலும் கிளறினேன். மகள் என் முகத்தையும் தாச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, இறக்குவமோ?”

“பொறு, பிள்ளை.”

“கருகினால் பறவாயில்லை. கடை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

“பொறு எண்டு சொல்லுறன்.”

அப்போது இடத்துளையின் மேல் மூலையில், மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல், ஏதோ வந்தது. முதலில் அது நினைவா மணமா என்று எனக்கே ஐயமாக இருந்தது. மீண்டும் மூச்சை இழுத்தேன். பச்சை வாசனை. பிறகு அது விலகிற்று. அடியில் இருந்தது மேலெழுந்தது.

“இறக்கு!” என்று கத்தினேன். மகள் துணியால் பிடித்துத் தாச்சியை இறக்கினாள்.

மிளகாயும் சீரகங்களும் மிளகும் தடையின்றி முடிந்தன. வெந்தயத்தை இட்டபோது மூக்கு மெல்லச் சாத்திக்கொள்ளத் தொடங்கியது. வெந்தயமோ சற்றுக் கருகினாலும் தூள் முழுவதையும் கைக்கச் செய்துவிடும். நான் அகப்பையோடு தவித்துக்கொண்டிருக்கையில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து இருமலும் குரலும் ஒன்றாக வந்தன.

“வெந்தயம் வறுத்தது காணும்! இறக்குங்கோப்பா!”

இறக்கினேன். கறிவேப்பிலையின் சலசலப்பைக் காதே கவனித்துக்கொண்டது.

எல்லாம் ஆறியதும் அரைத்துப் போத்தலில் இட்டு மகளிடம் கொடுத்தோம். அதற்குள் என் மூக்கு முற்றிலும் அடைத்துவிட்டது. தூள் எப்படி வந்திருக்கிறது என்று முகர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை. மனைவி நன்று என்றார். இத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் எப்போதும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார். மகள் ஞாயிறு மாலை தொடர்வண்டி ஏறினாள். வண்டி புறப்பட்டுச் சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது.

“அப்பா, போத்தில் மூடியை வடிவாப் பூட்டேல்லையோ? ரெயில் பெட்டி முழுக்க மணக்குது. முன்னுக்கு இருக்கிற மனுசி ரெண்டு தரம் என்ரை பையைப் பார்த்திட்டா.”

“பூட்டினனான், பிள்ளை. என்ன மணம் மணக்குது? கருகல் மணமோ?”

“இல்லையப்பா. பசிக்கிற மணம்.”

“அப்ப லைப்சிக் போய்ச் சேரும்வரைக்கும் பசியோடை இரு,” என்றேன்.