கல்லில் ஏறிய கடைசி வரி

தொண்ணூறுகளின் நடுவில், திண்டிவனத்துக்கு வெளியே கல்லறைக் கல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

ஈஸ்டர் லீவு முடிந்து நான் வேலைக்குப் போன காலையில் பட்டறையில் மெஷின் எதுவும் ஓடவில்லை. எழுத்து வெட்டும் கோவிந்தண்ணன் வாசலிலேயே நின்றார்.

"மேடம், ஜல்தி வந்து பாருங்க. என்னாவோ தப்பா வெட்டிட்டோம். இந்தக் கடைசி வரி மத்த ஃபேக்ஸ்லயும் இருக்குது."

கண்ணாடிபோலப் பாலிஷ் ஏறிய கறுப்புக் கல். அன்னா என்ற பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அதன் கீழே, 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ'. அதாவது, உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஹாலந்திலிருந்து மனைவிக்குக் கல் கேட்டிருந்த பெரியவர், எல்லோரையும் போல ஃபேக்ஸை முடிக்க எழுதிய வரி அது. நான் லீவில் இருந்ததால் ஃபேக்ஸ் நேராகப் பட்டறைக்குப் போய், அந்த வரியும் கல்லில் ஏறிவிட்டது.

அர்த்தம் சொன்னதும் கோவிந்தண்ணன் கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "செத்தவங்க உள்ள இருந்து கேட்டுக்கினு இருக்கிற மாதிரி இல்ல இருக்குது!"

முதலாளி தலையில் கை வைத்தார். "ஏம்மா ஜெயராணி, உண்மையை எழுதிடு. வேற கல்லு வெட்டித் தர்றோம்னு சொல்லு."

மறுநாளே பெரியவரிடமிருந்து பதில் வந்தது. 'அந்த வரி இருக்கட்டும். அது அவளே சொல்வதாக எனக்குப் படுகிறது. ஆனால் அவள் ஆங்கில ஆசிரியை. பிழை இருந்தால் திருத்துங்கள். பிழையோடு அவள் எழுத மாட்டாள்.'

வரியை மறுபடி படித்தேன். பிழை இருந்தது. அங்கே 'டு'வுக்குப் பின் 'ஹியர்' வராது. 'ஹியரிங்' என்றுதான் வரவேண்டும்.

"மூணு எழுத்துதானே, நடுவுல சொருகிட முடியாதா?" என்றார் முதலாளி.

"கல்லு என்னா பேப்பரா முதலாளி, சொருகறதுக்கு?" என்றார் கோவிந்தண்ணன்.

புதுக் கல் வெட்டி அனுப்பினோம். பழைய கல் முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. கரன்ட் போய் மெஷின்கள் அடங்கும் மத்தியானங்களில் அந்தப் பக்கம் யாரும் சாப்பிட உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் இன்னும் மோசமாக இருந்தது.

மழைக்காலத்தில் அந்தப் பெரியவருடைய மகளிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. அப்பா இறந்துவிட்டார். தினமும் சாயங்காலம் கல்லின் முன்னால் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவாராம். கடைசியாகப் போன அன்று, "மிச்சத்தை நேரிலேயே சொல்கிறேன்" என்று எழுந்து வந்தாராம். அதே கறுப்பில் அவருக்கும் ஒரு கல் வேண்டும்.

அந்தக் கறுப்பில் மிச்சம் இருந்தது பழைய கல் ஒன்றுதான். மகளுக்கு விவரத்தை எழுதினோம், சம்மதித்தாள். கோவிந்தண்ணன் எழுத்துகளைத் தேய்த்து எடுத்து, மறுபடி பாலிஷ் போட்டு, அவர் பெயரை வெட்டினார். தண்ணீர் ஊற்றித் துடைத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"பழைய எழுத்து தெரியுதா பாருங்க மேடம்."

குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. "ஒண்ணும் தெரியலண்ணா."

"எனக்குத் தெரியுதுங்க" என்று சொல்லிச் சாக்கைப் போட்டு மூடினார்.

இப்போது கடிதம் எழுதப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்று எழுதினால் அடுத்த வினைச்சொல்லில் 'இங்' சேருங்கள். அது சுலபம். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கும்போது மட்டும் எழுதுங்கள். கல்லை அனுப்பிவிட்டோம் என்று அந்த மகளுக்கு டைப் செய்தபோது, முடிவில் என் விரல் பழக்கத்தில் தானாக 'லுக்கிங்'கின் 'எல்' எழுத்துக்குப் போனது. விரலை எடுத்துவிட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டேன்.