அழகுக்காக அடைத்த துளை

கீழ்வேளூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சமையலறை, இரண்டு பேர் நின்றால் இடிக்கும் அளவுக்குச் சிறியது. துபாயில் இருக்கும் என் கணவர் சொல்லி, போன மாதம் ஒரு கான்ட்ராக்டரை வைத்து அதைப் புதுப்பித்தோம். சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், மேடைக்கு அடியில் சிலிண்டரை மறைக்கக் கதவு என்று பளிச்சென்று இருந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் தொழுதுவிட்டு டீ போடப் போன மாமியாருக்குப் பின்னாலேயே நானும் போனேன். குப்பென்று கேஸ் வாடை. இருட்டில் அவர் கை சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

“மாமி, சுவிட்சைத் தொடாதீங்க” என்று கத்தி அவரை வெளியே இழுத்தேன். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு ரெகுலேட்டரை மூடினேன்.

ட்யூப் கசிந்திருக்கிறது. கேஸ் வெளியேறுவதற்கென்று சுவரின் அடியில் இருந்த துளையை, எங்களைக் கேட்காமலே டைல்ஸ் ஒட்டி அடைத்திருந்தார் கான்ட்ராக்டர். போனில் கேட்டால், “டைல்ஸ் நடுவுல ஓட்டை இருந்தா பாக்க நல்லா இருக்காதுக்கா” என்கிறார்.

“பாக்குறதுக்கு நாங்க உயிரோட இருக்கணும்ல தம்பி?” என்றேன். அன்றைக்கே வரவழைத்து உடைக்க வைத்தேன். அப்போதும் டைல்ஸ் வீணாகிறதே என்றுதான் அவர் வருத்தப்பட்டார்.

சிலிண்டர் கதவையும் கழற்றிவிட்டேன். இப்போதெல்லாம் வீட்டு வேலைக்கு யார் வந்தாலும், எதை அடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.