காலி மைதானத்தில் ஆறாவது பாட்டு

என் பஸ்ஸின் டேப்பில் எப்போதும் ஒரு தீக்குச்சி இருக்கும். கேசட்டை உள்ளே தள்ளிவிட்டு அதன் மேல்விளிம்பில் தீக்குச்சியை இறுக்கிச் செருகினால்தான் பாட்டு ஒழுங்காக வரும். இல்லாவிட்டால் பாடுகிறவன் கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு பாடுவது போலக் கேட்கும். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவன் ரிக்கர். அவன் போடச் சொன்ன கேசட்டை முதன்முதலாகக் கேட்ட அன்று, தீக்குச்சியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் துபாயில் மேடை போடும் கம்பெனி ஒன்றில் பஸ் ஓட்டினேன். பாட்டுக் கச்சேரியோ, புதுக் கார் அறிமுக விழாவோ, பெரிய வீட்டுக் கல்யாணமோ, எதுவானாலும் மேடையும் கூரையும் எங்கள் ஆட்கள் போட்டதாக இருக்கும். கூரையின் இரும்புச் சட்டங்களில் ஏறி, விளக்குகளையும் ஸ்பீக்கர்களையும் சங்கிலி போட்டுத் தொங்கவிடுகிறவனுக்கு ரிக்கர் என்று பெயர். கம்பெனியில் அந்த வேலை தெரிந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் நாங்கள் எல்லோரும் தங்கியிருந்த கேம்பில் ரிக்கர் என்றால் அவன் ஒருவன்தான். பெரம்பூர்க்காரன், ஒடிசலான உடம்பு, சிரித்தால் முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பது தெரியும். நான் அரியலூர்ப் பக்கம். நாங்கள் இருவரும் பேசுவது ஒரே மொழியா என்று பஸ்ஸில் இருந்த மலையாளிகள் கேட்பார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரிக்கு ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன், மேடை போட்டவர்கள் எல்லோரும் மைதானத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். நான் பஸ்ஸோடு பின்வாசலில் நிற்பேன். சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று ஆட்களை விரட்டி ஏற்றுவார். கேம்புக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்ததும் திரும்பி வந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பந்தலைப் போட்டவனைப் பந்திக்கு முன்னால் வெளியே அனுப்பிவிட்டு, இலை எடுத்த பிறகு பந்தலைப் பிரிக்கக் கூப்பிடுவது மாதிரி. உலகத்தின் பெரிய பெரிய பாடகர்களுக்கெல்லாம் மேடை போட்ட எங்கள் ஆட்களில் ஒருவன்கூட ஒரு கச்சேரியையும் முழுதாகப் பார்த்ததில்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மத்தியான வெயிலில் அவர்கள் சவுண்ட் செக் செய்யும்போது வரும் கால் பாட்டும் அரைப் பாட்டும்தான்.

டேப்புக்கு பஸ்ஸில் முறை வைத்திருந்தோம். போகும்போது இந்திப் பாட்டு, திரும்பும்போது தமிழ்ப் பாட்டு. பெஷாவர் பக்கத்திலிருந்து வந்த பட்டான் பாய் ஒருவர் இருந்தார். தாடியும் தோளும் கண்டு எல்லோரும் வழிவிடுகிற ஆள். அவருக்காக வெள்ளிக்கிழமை மட்டும் பஷ்தோ. இங்கிலீஷ் பாட்டுக்கு முறையே கிடையாது. ரிக்கர் விடவில்லை. எல்லோரும் ஏறி முடிக்கிற வரைக்கும் பஸ் நிற்கிற நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை, அதைத் தனக்குக் கொடு என்று கேட்டான். கொடுத்தேன். அன்று வந்ததுதான் அந்த ராக் கேசட். நாலு பேர் கொண்ட வெளிநாட்டுக் குழு. பர்மா பஜாரில் வாங்கியதாம். மேலே ஒட்டியிருந்த தாள் விரல் பட்டுப் பட்டு வெளுத்துப் போயிருந்தது.

"உள்ள யாரையாச்சும் வெட்டுறாங்களாடா?" என்று கேட்டேன்.

"இன்னாண்ணே நீ. பத்து நாள் கேளு, அப்பறம் பேசு" என்றான்.

பட்டான் பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பந்த் கரோ யார்" என்று தினமும் ஒருமுறை சொல்லுவார். அவன் நிறுத்த மாட்டான். அவர் ஏறுகிற வரைக்கும் போட்டுவிட்டு, அவர் உட்கார்ந்த பிறகும் ஒரு நிமிஷம் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவான்.

பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் அவன் வீடு. பக்கத்தில் இருந்த சட்டைக்கார வீட்டுப் பையன்கள், அதாவது ஆங்கிலோ இந்தியப் பையன்கள், கிறிஸ்துமஸுக்கு கிட்டார் வாசிப்பார்களாம். அவர்களுடைய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற வேலை இவனுக்கு. அங்கே காதில் விழுந்ததுதான் இந்த கேசட்டில் இருக்கிற பாட்டு. அதில் ஆறாவது பாட்டு அவனுக்கு உயிர். தடித்த தந்தி ஒன்று மட்டும் தனியாக வெகுநேரம் ஒலிக்கும். பாடுகிறவன் வருவானா மாட்டானா என்று ஆகிவிடும். பிறகு பேசுகிற மாதிரி ஆரம்பித்து, மேலே போய், கடைசியில் பாதி வார்த்தையில் விட்டது போல நின்றுவிடும். என்ன அர்த்தம் என்று கேட்டால், "அர்த்தம் கெடக்குதுண்ணே. ரெண்டாவது கிட்டாரு எங்க வருதுன்னு கேளு" என்பான்.

எனக்கு அது எப்போது பிடித்துப் போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் டேப் பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஷார்ஜா ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்டியரிங்கில் என் விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ரிக்கர், "ஆறாவது பாட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். மானம் போயிற்று. அதற்குப் பிறகு காலியான பஸ்ஸில் நானே அந்த கேசட்டைப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். முப்பது வருடம் நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் கேட்ட காது, வீட்டுக்குத் தெரியாமல் வேறு ஜாதியில் சம்பந்தம் பேசியது போலத்தான் இருந்தது.

கச்சேரி பார்க்காவிட்டாலும் கச்சேரி சொல்லுவதில் ரிக்கர் கெட்டிக்காரன். மேடையைக் கழற்றப் போகும்போது வாசலில் நிற்கிற நேப்பாளி செக்யூரிட்டிகளைப் பிடித்துக்கொள்வான். முதலில் என்ன பாடினார்கள், எப்போது கூட்டம் கத்தியது, பாடகன் சட்டையைக் கழற்றினானா என்று துருவித் துருவிக் கேட்பான். அவர்களில் ஒருவன் மெட்டை மறக்காமல் முனகிக் காட்டுவான். எல்லாவற்றையும் சேர்த்து, விடிகாலையில் பஸ் கேம்புக்குத் திரும்பும்போது, முன் வரிசையில் நின்று பார்த்தவன் மாதிரி எங்களுக்குச் சொல்லுவான். எத்தனையோ நல்ல கச்சேரிகளை நான் அப்படித்தான் பார்த்தேன். இன்றைக்கும் ஒரு மழைக் கச்சேரி என் கண்ணில் நிற்கிறது. பாலைவனத்தில் திடீரென்று மழை பிடித்து, கரண்ட் போய், ஜனங்களே நனைந்துகொண்டு மீதிப் பாட்டைப் பாடிய கச்சேரி. அந்த நேரத்தில் நான் கேம்பில் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில், கேசட்டில் இருந்த அந்தக் குழுவே துபாய்க்கு வருகிறது என்று தெரிந்தது. மேடை எங்களுடையது. ரிக்கருக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு நடக்கும்போது மேலே ஏதாவது சிக்கிக்கொண்டால் பார்க்க, ஒரு ஆள் கூரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமாக அவர்களுடைய வெள்ளைக்கார ரிக்கர் ஒருவர் இருப்பார். இந்த முறை அவர்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. ரிக்கர் ஸ்டேஜ் மேனேஜரின் பின்னாலேயே சுற்றி, சூப்பர்வைசரையும் தாஜா செய்து, அந்த டியூட்டியைத் தனக்கு வாங்கிவிட்டான். முதல் தடவையாக எங்களில் ஒருவன் ஜனங்கள் உள்ளே வந்த பிறகும் மைதானத்தில் இருக்கப் போகிறான். அவன் காலுக்கு நேர் கீழே நின்று அவர்கள் ஆறாவது பாட்டைப் பாடுவார்கள்.

"பாடாம போயிட்டா?" என்று நான் சும்மா சீண்டினேன்.

"அதைப் பாடாம எப்பிடிண்ணே மேடையை வுட்டு எறங்குவாங்க" என்றான்.

உயரத்தில் ஏறும்போது இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற வார்ப்பட்டையை அவன் துவைத்துப் போட்டிருந்தான். வியர்வையில் ஊறி விறைத்துப் போன பட்டையை யாரும் துவைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போகிறவன் வேட்டியைத் துவைப்பதுபோல சோப்புப் போட்டுத் துவைத்து, கேம்ப் கொடியில் காயப் போட்டிருந்தான்.

கச்சேரிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் ஏறிவிட்டார்கள், ரிக்கர் வரவில்லை. ஹாரன் அடித்தேன். இன்னொரு முறை அடித்தேன். தூங்குமூஞ்சி என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் அடித்தேன். அவன் ரூமிலிருந்த பையன் செருப்பில்லாமல் ஓடி வந்தான். போய்ப் பார்த்தோம். போர்வைக்குள் பக்கவாட்டில் படுத்தபடி இருந்தான். உடம்பு ஆறிப் போயிருந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். முப்பத்திரண்டு வயதில் ஒருவனுடைய நெஞ்சு ஏன் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கேம்பில் அதற்கு முன்னும் இப்படிப் போனவர்கள் உண்டு. வார்ப்பட்டை கொடியிலேயே கிடந்தது.

உடலை ஊருக்கு அனுப்பக் காகிதங்கள் முடிய நாளாகும் என்று ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் வைத்தார்கள். எங்களுக்கு லீவு கிடையாது. கச்சேரி தேதியை யாரும் மாற்ற மாட்டார்கள் அல்லவா. மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போல பஸ்ஸில் ஏறினார்கள். நான் டேப்பைத் தொடவே இல்லை. பட்டான் பாய் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து, என் பக்கத்தில் குனிந்து, "லகாவோ" என்றார். எனக்குக் கை வரவில்லை. அவரே கேசட்டைத் தள்ளி, அந்தப் பெரிய விரல்களால் தீக்குச்சியைத் தேடிச் செருகினார். மைதானம் வரும் வரைக்கும் அது ஓடியது. அவர் காதைப் பொத்தவில்லை.

மேலே உட்காருகிற டியூட்டி பட்டான் பாய்க்குப் போயிற்று. ரிக்கருக்கு அடுத்தபடி உயரம் பழகியவர் அவர்தான்.

கச்சேரி அன்று மத்தியானம் வழக்கம்போல பின்வாசலில் பஸ்ஸை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் கருவிப் பெட்டிகளோடு வர ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது மேடையிலிருந்து தடித்த தந்தி மட்டும் தனியாக ஒலித்தது. பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தவன் அந்தக் காலை எடுத்துவிட்டான். நான் எஞ்சினை அணைத்தேன். அவர்கள் அதைக் கால் பாட்டோடு நிறுத்தவில்லை. பேசுகிற மாதிரி ஆரம்பித்து, மேலே போய், இரண்டாவது கிட்டார் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்து, முழுப் பாட்டையும் பாடினார்கள். எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை. மைதானம் முழுக்க வெயிலும், துடைத்துப் போட்ட நாற்காலிகளும்தான். "யல்லா பாய், கலாஸ், கலாஸ்" என்று கத்திக்கொண்டிருந்த சூப்பர்வைசரும் கொஞ்ச நேரத்தில் சும்மா இருந்துவிட்டார். பாதி வார்த்தையில் விட்டது போலப் பாட்டு நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ரிக்கர் ரூமிலிருந்த பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தம் போட்டே அழுதான்.

எல்லாம் கழற்றி முடிந்து விடிகாலையில் திரும்பும்போது பட்டான் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவருக்குக் கச்சேரி சொல்ல வராது. ஜனங்கள் நிறைய, சத்தம் நிறைய என்றார். அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று யாரோ கேட்டார்கள்.

"வோ கானா நஹீ பஜாயா" என்றார்.

அந்தப் பாட்டை ராத்திரி அவர்கள் பாடவே இல்லை. பஸ்ஸில் பேச்சு கிளம்பியது. அப்படியென்றால் மத்தியானம் பாடியது ரிக்கருக்காகத்தான் என்றான் ஒருவன். ஆமாம், அவன் ஆத்மாவுக்காக என்றான் இன்னொருவன். கேம்ப் வருவதற்குள் அது முடிந்த முடிவாகிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. பாடினவர்களுக்கு ரிக்கர் என்று ஒருவன் இருந்ததே தெரியாது. தடித்த ஒலிக்கென்று வைக்கிற பெரிய ஸ்பீக்கர் சரியாக அதிர்கிறதா என்று பார்க்க அந்தப் பாட்டு தோதாக இருந்திருக்கும், பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் பாடிய நேரத்தில், அதே ஊரில், அவன் குளிர்ப்பெட்டியில் கிடந்தான். அதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

இப்போது ஊரில் காலேஜ் பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் காதை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். பஸ் சத்தமில்லாமல் போகிறது. டேப்புக்குச் சண்டை போட ஆள் இல்லை. சென்ற வருடம் என் மகன் அந்த துபாய் கச்சேரியைப் போனில் தேடி எடுத்துக் கொடுத்தான். கூட்டத்தில் யாரோ பிடித்த படம். இருட்டில் கைகளும் தலைகளுமாக இருந்தது. முழுக்கப் பார்த்தேன். கூரை இரண்டு இடத்தில் தெரிந்தது. மத்தியானம் பாடியதை யாரும் படம் பிடிக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் நாங்கள் மட்டும்தான், எங்களில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

அவன் போன பிறகு துபாயிலிருந்து லீவில் வந்தபோதே பெரம்பூர் போய் அவன் அம்மாவைப் பார்த்திருந்தேன். ஒற்றை அறை வீடு. டீ போட்டுக் கொடுத்தார். ஆட்கள் பஸ்ஸில் பேசியதை, நான் ஒரு சொல்கூட நம்பாததை, கடைசியில் நானே அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"ஆறாவது பாட்டுன்னு ஒண்ணு கேப்பானேம்மா. அதை அன்னிக்கு மத்தியானம் முழுசாப் பாடினாங்க. ராத்திரி சனங்களுக்குப் பாடல. உங்க பையனுக்காகத்தான் பாடினாங்கன்னு எங்க ஆளுங்க எல்லாரும் சொன்னாங்க."

அந்த அம்மா முந்தானையால் டம்ளரின் அடியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாடி இன்னா பண்றது தம்பி," என்றார். "கேக்க அவன் இல்லியே."