நீள ஷாக் அப்சார்பர் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

என்னைப் பற்றி அதிகாரி எழுதிய ரகசிய அறிக்கையில் ஒரு வரி இருந்தது: இவருடைய கை நிலையாக இல்லை, வெளிப்பணிக்கு ஏற்றவரல்ல. அதை நான் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதை டைப் அடித்த பெண் மெட்டுகுடாவிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருபவள். இரண்டு நாள் சொல்லாமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை, மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஹைதராபாத்தில் தார்நாகா போகும் சாலையில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் நிலத்தடி நீர் தேடும் சின்ன அரசு அலுவலகம் ஒன்று இருந்தது. இப்போது அலுவலகமும் இல்லை, கட்டிடமும் இல்லை. அங்கே நான் அளவீட்டு உதவியாளர். என் பொறுப்பில் இருந்தது கிராவிமீட்டர் என்ற கருவி. ஒரு தண்ணீர்க் குடத்தின் உயரம் இருக்கும். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய ஸ்பிரிங் ஒன்று தொங்கும். மண்ணுக்கு அடியில் பாறை மேலாக இருக்கிறதா, ஆழத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது இம்மியளவு கூடவோ குறையவோ இழுபடும். அதைப் படித்து எழுதுவதுதான் என் வேலை. காலையில் அலுவலக வராந்தாவில் ஓர் அளவு எடுத்துக்கொண்டு கிளம்புவோம். பகல் முழுக்கக் கீசரா பக்கம், புவனகிரி பக்கம் என்று பாறைக்காட்டில் இருபது இடத்தில் கருவியை இறக்கி வைத்துப் படிப்போம். சாயங்காலம் திரும்பி வந்து அதே வராந்தாவில் மறுபடி ஓர் அளவு. காலையும் மாலையும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அன்றைய வேலை செல்லும். இல்லாவிட்டால் அத்தனையும் குப்பை.

மூன்று மாதமாக என்னுடையது ஒத்துப்போகவில்லை.

எங்களுக்கு இருந்தது ஒரே ஜீப். முந்தின மழைக்காலத்தில் அது பாறையில் வயிறு தட்டி இரண்டு முறை நின்றுவிட்டது. அதனால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து உயர்த்தி வாங்கினார்கள். வண்டியின் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாகப் பட்டை வைத்து, புதிதாக வளைத்து, நல்ல உயரமாக்கியிருந்தார்கள். நான் புடவையை விட்டுவிட்டு சல்வார் கமீஸுக்கு மாறியது அந்த ஜீப்பில் ஏறத்தான். வண்டி இப்போது பாறையைத் தாண்டியது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியில் டங்கென்று ஒரு அடி. பஞ்சு வைத்த பெட்டிக்குள் கருவியை வைத்து, பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த அடி என் பல் வரைக்கும், கருவிக்குள் தொங்கும் அந்த மெல்லிய ஸ்பிரிங் வரைக்கும் வரும்.

ஜீப் ஓட்டியவர் ராணுவ லாரியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஊர்க்காரர், பேச்சு தக்கனி, ஹைதராபாத் உருது. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஒருநாள் கீசரா தாண்டி ஒரு பெரிய அடி விழுந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கீழே இறங்கிப் பார்க்கச் சொன்னார். வண்டியை உயர்த்தியவர்கள் ஷாக் அப்சார்பரை மாற்றவில்லை, பழைய குட்டையானதையே மாட்டிவிட்டார்கள் என்று காட்டினார். ஸ்பிரிங்குக்கு இன்னும் கீழே இறங்க இடம் இருக்கிறது, ஆனால் ஷாக் அப்சார்பர் அதற்கு முன்னாலேயே முழுதாக நீண்டு முடிந்து, சக்கரத்தை வெடுக்கென்று பிடித்து இழுக்கிறது. "நாயைக் குட்டைக் கயிற்றில் கட்டிப்போட்டு ஓடச் சொன்ன மாதிரி, மேடம்," என்றார்.

அந்த வாரமே அலுவலகத்தின் களப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். என்னோடு வாரம் மாற்றி வாரம் அதே கருவியை எடுத்துப்போன இன்னொரு உதவியாளர் இருந்தார், ஆண். ஜீப்பை உயர்த்திய நாளிலிருந்து அவருடைய அளவுகளும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத நாள் என்னுடையதைவிட இரண்டு கூடுதல். அவருடைய பக்கங்களில் அதிகாரி எழுதியிருந்தார்: கருவியின் இயல்பான நகர்வு. என்னுடைய பக்கங்களில்: கையாளுபவர் தவறு. இரண்டும் ஒரே பச்சை மை.

அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் ஆசைப்படவில்லை.

நீளமான ஷாக் அப்சார்பர் வாங்கித் தரும்படி மூன்று குறிப்பு எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதில், வண்டி விஷயம் அளவீட்டு உதவியாளரின் வேலை அல்ல என்று எழுதித் திருப்பினார்கள். மூன்றாவதில், வண்டித் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மாறான உதிரிபாகம் வாங்க வழியில்லை என்று வந்தது. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மாறாக வண்டியை உயர்த்தியதே இவர்கள்தான். அந்த வெள்ளிக்கிழமை பயணப் பட்டியல் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து வெளிப்பணிக்கு அந்த ஆண் உதவியாளர் மட்டும், நான் மேஜை வேலைக்கு. திங்கட்கிழமை மட்டும் என் பெயர் இருந்தது, அழிக்க மறந்துவிட்டார்கள் போல.

நாமே மாட்டிவிடலாம், எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று பாயிடம் சொன்னேன். அவர், "ஹவ்," என்றார். தக்கனியில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்.

சனிக்கிழமை மத்தியானம் ராணிகஞ்சில் உதிரிபாகக் கடைகளாக ஏறி இறங்கினோம். ஜீப்புக்கென்று நீளமான ஷாக் அப்சார்பர் அன்றைக்கு எங்கேயும் கிடையாது. ஒரு கடையில் சின்ன லாரிக்கானது இருந்தது. பாய் ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி, கையால் முழுக்க அமுக்கி, மறுபடி முழுக்க இழுத்து, எங்கேயாவது காலியாக ஓடுகிறதா என்று பார்த்து நாலு தேர்ந்தெடுத்தார். நான் என் பணத்தில் வாங்கினேன்.

மறுநாள் காலையில் நான் சர்ச்சுக்கு வரவில்லை என்றதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அலுவலக ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில், கோட்டையும் டையையும் கழற்றாமல் சைக்கிளில் வந்து நின்றார். கேரியரில் டிரில்லும் போல்ட்டும் கனத்த இரும்புத் தகடும் ஒரு பையில் கட்டியிருந்தது. சர்ச் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்.

ஜீப்பின் சேசிஸுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி நிறுத்தியிருந்தோம். முன் சக்கரத்துப் பக்கம் ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டை நான்தான் கழற்றினேன். கழன்றதும் அச்சு சடக்கென்று இன்னும் நாலு விரற்கடை கீழே இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று மாதமாக என் பேரில் எழுதப்பட்ட தவறு அந்த நாலு விரற்கடைதான்.

புதியதை அப்படியே மாட்ட முடியாது. இழுத்தால் நீளம் என்பதுபோல அமுக்கினாலும் அது பழையதைவிட நீளம். பழைய இடத்திலேயே மாட்டினால் சக்கரம் மேலே எழும்பும்போது தட்டி உடைந்துவிடும். அதனால் ஜாக்கியால் அச்சை மேலே தூக்கி, சேசிஸின் ரப்பர் கட்டையைத் தொடும் வரை கொண்டுபோய், எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்தேன். மேல் முனையை ஒரு ஜாண் உயர்த்தியாக வேண்டும். அப்பா கொண்டுவந்த கனத்த தகட்டில் நாலு தாங்கி செய்தோம். பாய் பக்கத்துத் தெருவில் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"சேசிஸ்ல சூடு காட்டாத பிள்ள. இன்னைக்கு நிக்கும், ஆறு மாசத்துல கீறல் விடும். ஓட்டை போட்டு போல்ட் பூட்டு."

கை டிரில்லால் பதினாறு ஓட்டை. முறை வைத்துச் சுற்றினோம். என் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. மத்தியானம் பாய் வீட்டிலிருந்து சோறு வந்தது, தின்றுவிட்டு மறுபடி அடியில் படுத்தோம். நாலும் மாட்டி முடித்து சக்கரத்தை முழுக்கக் கீழே இறக்கியபோதுதான் பாய் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். அது விறைப்பாக நின்றது. இன்னும் ஒரு விரல் இறங்கினால் பிய்ந்திருக்கும். அப்படியே ஓட்டியிருந்தால் ஏதோ ஒரு பள்ளத்தில் பிரேக் இல்லாமல் போயிருப்போம். எல்லாவற்றையும் அளந்த நான் இதை அளக்கவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

பாய் தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி, நீளமான ஹோஸ் வாங்கி வந்தார். அதை மாட்டி, பிரேக்கிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் அடியிலிருந்து பிடி, விடு என்று சொல்ல, நாலு சக்கரத்துக்கும் அது முடியும்போது வெயில் தணிந்திருந்தது. கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, எந்தச் சக்கரத்தினுடையது என்று சீட்டுக் கட்டி, அலுவலகத்துக்குப் பின்னால் குடியிருந்த ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

திங்கட்கிழமை அதிகாரி வருவதற்கு முன்னாலேயே வராந்தா அளவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். சைனிக்புரி தாண்டி ரோடு முடிந்து பாறை ஆரம்பித்தது. முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சக்கரம் போய்ப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டு ஏறி வந்தது. சத்தம் இல்லை. பாய் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த பள்ளத்தில் வண்டியை இறக்கினார். அன்று இருபத்திரண்டு இடத்தில் படித்தேன். சாயங்காலம் வராந்தாவில் கருவியை வைத்துப் படித்தபோது, காலை அளவுக்கும் அதற்கும் கடைசி இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். மறுநாள் அந்த ஆண் உதவியாளர் போனார். அவருடையதும் ஒத்துப்போனது.

புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி அரசு வண்டியிலிருந்து இரண்டு ஷாக் அப்சார்பர்களை அகற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. டிரைவர் சொல்லித்தான் செய்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என் பக்கம் முடிந்துவிடும் என்றார்.

"நான் சொல்லித்தான் சார் அவர் செய்தார். அதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்."

"உங்கள் எதிர்காலத்தை யோசித்துப் பேசுங்கள்."

"யோசித்துத்தான் பேசுகிறேன்."

ஷெட்டில் பாயும் அதையே சொன்னார். தனக்கு இன்னும் நாலு வருடம்தான் வேலை இருக்கிறது, தன் பெயரைப் போட்டுவிடச் சொன்னார். நான், "நக்கோ பாய்," என்றேன். வேண்டாம் என்று தமிழில் சொன்னால் அவருக்குப் புரிந்தாலும் கேட்கமாட்டார்.

பதிலை ஒரு பக்கத்தில் எழுதினேன். அகற்றியது இரண்டு அல்ல, நாலு. நாலும் ஸ்டோரில் இருக்கின்றன, ரசீது இணைத்திருக்கிறேன். முடிவு என்னுடையது, டிரைவர் என் சொல்படி நடந்தார். களப் பதிவேட்டில் ஜீப்பை உயர்த்துவதற்கு முன், உயர்த்திய பின், ஷாக் அப்சார்பர் மாற்றிய பின் எடுத்த அளவுகளை, எங்கள் இருவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்திருக்கிறேன். அதிகாரி இரண்டு பேருக்கும் எழுதிய குறிப்புகளையும் அப்படியே எழுதியிருக்கிறேன். கடைசியில், நகல் தலைமை அலுவலகத்துக்கு என்று போட்டேன். அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவர் என்னை மன்னிக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். சட்டையைக் கழற்றிப் பாயிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், இந்தப் போல்ட்டை யார் பூட்டினது என்று மட்டும் கேட்டார். நான் பூட்டினேன், ஓட்டை மூன்று பேரும் போட்டோம் என்றேன். வண்டி இப்படியே ஓடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாய்க்கு ஒன்றும் வரவில்லை. எனக்குக் கண்டனம் என்று ஒரு தாள் வந்தது. அனுமதி வாங்காதது குற்றம்தான். வெளிப்பணியைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஏனென்றால் ஓர் ஆளால் எல்லா இடத்தையும் முடிக்க முடியவில்லை.

பதிவேட்டில் என் பக்கங்களைத் திருத்தித் தரும்படி அதிகாரியிடம் கேட்டேன். எழுதியது எழுதியதுதான் என்றார். அப்படியானால் நானும் எழுதலாம் என்று, கையாளுபவர் தவறு என்று இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் கீழே நீல மையில் 'ஏற்கவில்லை' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். மொத்தம் பதினோரு இடம். அதற்கு மெமோ வரவில்லை.

சில வருடம் கழித்துப் பதவி உயர்வு நேர்காணல் வந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டனத் தாளைக் காட்டி, மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள் என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"மூன்று முறை எழுதிக் கேட்பேன் சார். நாலாவது முறை நானே செய்வேன்."

அந்த வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு மூன்று பேர் அதே தாளைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் அதே பதிலைச் சொன்னேன். அந்த முறை கொடுத்தார்கள்.